தொகை எழுதாத மொய்: ‘காட்ஃபாதர்’ விட்டோ கார்லியோன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு படம் போடுகிறோம். படிக்கட்டு அறையின் வெள்ளைச் சுவர்தான் திரை. வேலூர் வெயிலில் அந்தச் சுவர் இரவு எட்டு மணிக்கும் கை வைத்தால் சுடும். போன கோடையில் அடுத்தடுத்த இரண்டு மாதம் ‘காட்ஃபாதர்’ முதல் பாகமும் இரண்டாம் பாகமும் போட்டோம். காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். படம் முடிந்ததும் யாரும் பாயைச் சுருட்டவில்லை. கேள்விகள் நள்ளிரவு தாண்டிப் போயின. அப்புறம் போனிலும், காய்கறி வாங்கும் இடத்திலும், கல்யாணப் பந்தியிலும் அதே கேள்விகள் வந்தன. அவற்றைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். கதை முழுவதும் இதில் வருகிறது. இன்னும் பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கேள்வி: பாதியில்தான் வந்தேன். யார் இந்த விட்டோ?

மரியோ பூஸோ 1969-இல் எழுதிய நாவலை வைத்து பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா 1972-இல் எடுத்த படம். நியூயார்க்கில் ஒரு இத்தாலியக் குற்றக் குடும்பத்தின் தலைவர் விட்டோ. வெளியே ஆலிவ் எண்ணெய் வியாபாரம், உள்ளே சூதாட்டம், தொழிற்சங்கம், கையில் போலீசும் நீதிபதிகளும். மகன்கள் சானி, ஃப்ரெடோ, மைக்கேல், மகள் கானி. டாம் ஹேகன் என்பவர் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, இப்போது குடும்பத்தின் வக்கீல். படம் 1945-இல் கானியின் கல்யாணத்தில் தொடங்குகிறது. விட்டோவாக மார்லன் பிராண்டோ. 1974-இல் வந்த இரண்டாம் பாகத்தில் இளவயது விட்டோவாக ராபர்ட் டி நீரோ. ஒரே பாத்திரத்துக்காக இருவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது. பிராண்டோ அதை வாங்க மறுத்தார்.

கேள்வி: முதல் காட்சியில் ஒருவர் “எவ்வளவு வேண்டும், தருகிறேன்” என்கிறார். விட்டோவுக்கு ஏன் அவ்வளவு மனத்தாங்கல்? பணம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதானே?

என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு கேள்வியில் விட்டோ முழுசாக இருக்கிறார். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வந்தவர் பொனசேரா, இறந்தவர்களின் உடலைத் தயார்செய்து அடக்கத்துக்கு அனுப்பும் தொழில் செய்பவர். இரண்டு இளைஞர்கள் அவருடைய மகளிடம் தவறாக நடக்கப் பார்க்கிறார்கள். அவள் எதிர்க்கிறாள். மூக்கும் தாடையும் உடைய அடிக்கிறார்கள். நீதிபதி மூன்று வருடத் தண்டனை விதித்து, அதை நிறுத்தியும் வைத்துவிடுகிறார். பையன்கள் அன்றைக்கே வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்களைக் கொல்லச் சொல்லி பொனசேரா விட்டோவின் காதில் ரகசியமாகக் கேட்கிறார். உன் மகள் உயிரோடு இருக்கிறாளே, கொல்வது நியாயமாகாது என்று விட்டோ மறுக்கிறார். அப்போதுதான் பொனசேரா “எவ்வளவு?” என்று கேட்கிறார்.

இந்தப் பேச்சுக்கு நடுவே விட்டோ என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். என் மனைவி உன் ஒரே மகளுக்கு ஞானத்தாய், ஆனாலும் கடைசியாக நீ என்னை ஒரு காபி குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்டது எப்போது என்று எனக்கு நினைவில்லை என்கிறார். என் கடனில் இருக்க நீ பயந்தாய் என்றும் சொல்கிறார். அந்த இரண்டாவது வார்த்தைதான் சாவி. கூலி வாங்கிக்கொண்டு வேலையை முடித்தால் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். தீர்ந்துபோகிற கணக்கு விட்டோவுக்கு வேண்டாம். பொனசேரா தலை குனிந்து, கையில் முத்தமிட்டு, ‘காட்ஃபாதர்’ என்று அழைத்த பிறகு அவர் குரல் இளகுகிறது. ஒருநாள் உன்னிடம் ஒரு உதவி கேட்பேன், அந்த நாள் வராமலும் போகலாம், அதுவரை இதை என் மகள் கல்யாணத்தன்று நான் தரும் பரிசாக வைத்துக்கொள் என்கிறார்.

கேள்வி: நம்ம ஊர் மொய் மாதிரிதானே இது?

மாடியில் முதலில் இதைக் கேட்டவர் குடியாத்தம் அண்ணன் ஒருவர். கேட்டதும் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் பாதி சரி.

அந்தக் கல்யாணத்திலும் மொய் இருக்கிறது. கானி கையில் ஒரு வெள்ளைப் பட்டுப் பை வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் உறைகளை அதில் போடுகிறார்கள். அந்தப் பையில் எவ்வளவு தேறும் என்று ஒரு அடியாள் தள்ளி நின்று நாக்கில் எச்சில் ஊறக் கணக்குப் போடுகிறான். லூகா பிராசி என்ற மலை போன்ற கொலைகாரன், உறையைக் கொடுக்கும்போது சொல்லவேண்டிய வாழ்த்தைப் பள்ளிப் பிள்ளைபோல ஓரமாக உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறான். செனட்டர் நேரில் வரவில்லை, நீதிபதிகளும் வரவில்லை, ஆனால் அன்பளிப்பு அனுப்பியிருக்கிறார்கள் என்று ஹேகன் வந்து சொல்கிறார். அதைச் செய்தியாக வந்து சொல்கிறாரே, அதுவே நமக்குத் தெரிந்த உலகம்தான். யார் வந்தார், யார் வரவில்லை, வராதவர் என்ன கொடுத்தனுப்பினார் என்பதை நம் வீடுகளில் வருடக்கணக்காக நினைவு வைத்திருப்போம்.

ஆனால் மொய்யில் ஒரு நியாயம் இருக்கிறது. காட்பாடி பக்கம் என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் நான் மொய் எழுத உட்கார்ந்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய நீள நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, ஊர், பெயர், தொகை. ஒரு பெரியவர் 500 ரூபாய் நோட்டை வைத்துவிட்டு, “பேரெல்லாம் வேணாம் தம்பி” என்று நகர்ந்தார். சித்தப்பா பந்தியிலிருந்து எட்டிப் பார்த்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “பேரு இல்லாத பணத்த எப்படி மாமா திருப்பிக் குடுக்கறது?” என்றார். பெரியவர் சிரித்துக்கொண்டே பெயரைச் சொன்னார். எழுதினேன். அடுத்த வருடம் அவர் பேத்தி காதுகுத்துக்குச் சித்தப்பா 501 கொண்டுபோனார்.

சித்தப்பாவை ஓடிவர வைத்த அந்தப் பயம்தான் பொனசேராவின் பயமும். நம் நோட்டில் தொகை இருக்கிறது. அவர் வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் போய்ச் செய்துவிட்டு நிம்மதியாகத் திரும்பலாம். மீட்டர் வட்டிக்குக் கொடுப்பவன்கூட அசல் இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று சொல்லிவிடுகிறான். விட்டோவின் நோட்டில் பெயர் மட்டும்தான் உண்டு. தொகையை அவர் பின்னால் நிரப்பிக்கொள்வார், நாளையும் அவரே குறிப்பார். வாங்கியவன் அன்றுமுதல் அவர் ஆள். அவருக்குப் பணத்தாசை இருந்ததா, அதிகார வெறி இருந்ததா என்று பலர் கேட்கிறார்கள். ஊரில் பாதிப்பேர் தனக்குக் கடன்பட்டிருக்க வேண்டும், தான் யாருக்கும் கடன்படக் கூடாது, இதுதான் அந்த மனிதரின் ஆசை என்று நான் படிக்கிறேன்.

கேள்வி: அந்த உதவியைக் கடைசியில் கேட்டாரா?

கேட்டார். மகன் சானியைச் சுங்கச்சாவடியில் சல்லடையாகச் சுட்டுக் கொன்ற இரவில். பொனசேரா நடுங்கிக்கொண்டு நிற்கிறார், என்ன பாவத்தைச் செய்யச் சொல்லப் போகிறாரோ என்று. விட்டோ கேட்டது, அவன் தாய் இந்தக் கோலத்தில் அவனைப் பார்க்கக் கூடாது, உன் திறமை எல்லாவற்றையும் காட்டு என்பதுதான். போர்வையை விலக்கி மகன் முகத்தைப் பார்த்து அவர் உடையும் இடத்தில் எங்கள் மாடியில் ஒரு சத்தமும் இல்லை. எத்தனையோ கொடூரமாகக் கேட்டிருக்கலாம். ஒரு தகப்பன் கேட்பதைத்தான் கேட்டார். அதற்காகத் தொகை எழுதாத கடன் நல்ல கடன் ஆகிவிடாது. இத்தனை நாளும் பொனசேரா எந்தப் பயத்தில் தூங்கியிருப்பார் என்பதையும் அந்த நடுக்கத்தில் பார்த்துவிட்டோம்.

கேள்வி: போதைப்பொருள் தொழிலை வேண்டாம் என்கிறாரே. அது நல்ல மனசுதானே?

ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கும் நண்பர் இதில் என்னோடு இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

சொலாஸோ என்ற போதைப்பொருள் வியாபாரி வந்து பத்து லட்சம் டாலர் முதலும், விட்டோவின் அரசியல் செல்வாக்கும் கேட்கிறான். லாபத்தில் 30 சதவீதம், முதல் வருடமே முப்பது நாற்பது லட்சம் டாலர் வரும் என்கிறான். விட்டோ அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து மரியாதையாக மறுக்கிறார். ஒருவன் என்ன தொழில் செய்து பிழைக்கிறான் என்பது எனக்குப் பொருட்டில்லை என்று அவர் வாயாலேயே சொல்கிறார். சூதாட்டத்தைச் சின்னத் தப்பாக நினைக்கும் அரசியல் நண்பர்கள், போதைப்பொருள் என்று தெரிந்தால் விலகிவிடுவார்கள் என்பதுதான் அவர் தரும் காரணம். அந்த நீதிபதிகளும் செனட்டர்களும்தான் அவருடைய மொய் நோட்டில் பெரிய பெயர்கள். சொலாஸோ கேட்பது பணத்தைக் காட்டிலும் அந்த நோட்டை. அதைத்தான் கொடுக்க மறுக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. பிறகு நியூயார்க்கின் ஐந்து குற்றக் குடும்பங்களும் கூடிப் பேசும்போது, தன் நீதிபதிகளை எல்லோருக்கும் பொதுவாக்கி அதே தொழிலுக்குப் பாதுகாப்பு தர ஒப்புக்கொள்கிறார். இது வரும் வருடங்களில் நம்மை அழிக்கும் என்று எச்சரிக்கிறார்தான், ஆனாலும் கையைக் கொடுத்துவிடுகிறார். மனசாட்சி என்றால் அங்கேயும் முடியாது என்றிருப்பார். அந்தக் கூட்டத்தில் இன்னொரு குடும்பத்தின் தலைவன் பார்சினி சொல்வதைக் கேளுங்கள், கிணறு அவரிடம் இருக்கிறது, மற்றவர்களையும் தண்ணீர் இறைக்க விடவேண்டும் என்கிறான். பாலாற்றங்கரையில் வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

நண்பர் விடாமல் பிடித்துக்கொள்வது, அவர் முகத்தில் வெறுப்பு தெரிகிறதே என்பதை. தெரிகிறது. அது எதன்மேல் வெறுப்பு என்பதில்தான் நாங்கள் பிரிகிறோம்.

கேள்வி: மகனைக் கொன்றவர்களை எப்படி மன்னித்தார்?

மன்னிக்கவில்லை. பழிவாங்கும் உரிமையை விலையாகக் கொடுத்து ஒன்றை வாங்கினார்.

கதையில் இந்த இடத்தில் மைக்கேல் சிசிலியில் ஒளிந்திருக்கிறான். அப்பாவைச் சுட ஏற்பாடு செய்த சொலாஸோவையும், அவனுக்குத் துணைபோன போலீஸ் கேப்டனையும் ஓட்டலில் வைத்துக் கொன்றுவிட்டு ஓடியவன். சானி செத்த செய்தி வந்ததும் விட்டோ யாரும் விசாரிக்க வேண்டாம், பழிவாங்க வேண்டாம், கூட்டத்துக்கு ஏற்பாடு செய் என்கிறார். மேசையில் எழுந்து நின்று, பழிவாங்கினால் உன் மகன் திரும்பி வருவானா, என் மகன் திரும்பி வருவானா என்று எதிரியைக் கேட்கிறார். அந்த இடத்திலேயே, எனக்கும் ஒரு சுயநலம் இருக்கிறது, என் இளைய மகன் ஊர் திரும்பவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். செத்தவனின் கணக்கை எழுதித் தள்ளி, இருப்பவனின் உயிரை வரவு வைக்கிறார்.

அப்புறம் வருவதுதான் விட்டோ. நான் கொஞ்சம் மூடநம்பிக்கைக்காரன், அவனுக்கு ஏதாவது விபத்து நடந்தால், போலீஸ்காரன் சுட்டாலும், சிறையில் தூக்கு மாட்டிக்கொண்டாலும், இடியே விழுந்தாலும், இந்த அறையில் இருக்கும் சிலரைத்தான் குற்றம் சொல்வேன் என்கிறார். சமாதானப் பேச்சு முழுவதும் கண் அலைந்துகொண்டே இருக்கிறது. திரும்பும் வழியில் காரில் ஹேகனிடம், இத்தனைக்கும் பின்னால் இருந்தவன் பார்சினி என்று இன்றுதான் தெரிந்தது என்கிறார். புத்திர சோகத்தில் கிடந்த மனிதர், கூட்டத்துக்குப் போனதில் இரண்டு வேலை முடித்திருக்கிறார்.

கேள்வி: பேரப்பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாரே, அது பொய்ச் சத்தியமா?

இந்தச் சமாதானத்தை உடைப்பவன் நானாக இருக்கமாட்டேன் என்பதுதான் அவர் சொன்னது. அவர் இருந்தவரை உடையவில்லை. அவர் இறந்த பிறகு மைக்கேல் மற்ற குடும்பத் தலைவர்களை ஒரே நாளில் தீர்க்கிறான். விட்டோ கடைசி நாட்களில் தோட்டத்தில் உட்கார்ந்து மகனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார். பார்சினி முதலில் உன்னிடம் வருவான், நீ நம்பும் ஒருவன் மூலம் கூட்டத்துக்குக் கூப்பிடுவான், அங்கே உன்னைக் கொல்வார்கள் என்று. சொல்லுக்குச் சொல் சத்தியத்தைக் காப்பாற்றினார் என்று வேண்டுமானால் சொல்லலாம். நம் பாட்டிமார் இதைச் சத்தியம் காத்ததாக ஒப்புக்கொள்ளமாட்டார்கள், நானும் ஒப்புக்கொள்ளவில்லை.

கேள்வி: சின்ன வயதில் இப்படி இல்லையே. எங்கே மாறினார்?

1901-இல் சிசிலியில் ஊர்ப் பெரிய ரவுடி அவர் அப்பாவைக் கொல்கிறான், பிறகு அண்ணனை, பிறகு கண்ணெதிரே அம்மாவை. தனியாகக் கப்பலேறி அமெரிக்கா வந்த பையன். அங்கே மளிகைக் கடையில் வேலை. ஃபனூச்சி என்ற பேட்டை ரவுடி தன் உறவுக்காரப் பையனுக்காக அந்த வேலையைப் பறிக்கிறான். கடைக்காரர் மனம் கேட்காமல் ஒரு பெட்டி மளிகை கொடுக்கிறார். விட்டோ நன்றி சொல்லி, வாங்காமல் நடக்கிறார். அன்று வீட்டுக்குக் கொண்டுபோவது காகிதத்தில் சுற்றிய ஒரு பேரிக்காய். மேசைமேல் வைத்து ஒதுங்கி நிற்கிறார். மனைவி, எவ்வளவு நல்ல பேரிக்காய் என்கிறாள். வேலை போனதை அவர் சொல்லவில்லை.

என் மனசை அறுத்த காட்சி இதுதான். அந்தப் பெட்டியை வாங்கியிருந்தால் அவர் கடனாளி. அதற்கு அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. பின்னால் ஃபனூச்சியைக் கொல்கிறார். கீழே தெருவில் சாமி ஊர்வலம், வெடி, மேளம், மேலே மாடி மாடியாக அவர் தாவிப் போகிறார். (குடியாத்தம் சிரசுத் திருவிழாவில் கூட்டத்தில் சிக்கியவர்களுக்கு, அந்தச் சத்தத்தில் துப்பாக்கி வெடித்தாலும் ஏன் யாருக்கும் கேட்காது என்று புரியும்.) சீக்கிரமே ஒரு விதவைக்காக வீட்டுக்காரரிடம் பேசப் போகிறார். எனக்காக இதைச் செய்யுங்கள், நான் உதவியை மறக்காதவன், அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள் என்கிறார். விசாரித்துவிட்டு வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்து வாடகையையே குறைக்கிறார். நோட்டின் முதல் பக்கம் அங்கே தொடங்குகிறது.

கேள்வி: குடும்பம், குடும்பம் என்கிறார். அந்த வீட்டுப் பெண்கள் கதி?

இதைக் கேட்டவர் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அக்கா. நாங்கள் யாரும் கவனிக்காத ஒன்றை அவர் சொன்னார். வேறொருவரின் மகள் அடிபட்டதற்கு நீதி வழங்கிய வீட்டில், சொந்த மகள் கானி புருஷனிடம் அடிவாங்குகிறாள். சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை கார்லோ அவளை வாயை மூடச் சொல்கிறான். சானி பாய்கிறான். அம்மா, நீ தலையிடாதே என்கிறாள். எந்த ஊர்ச் சாப்பாட்டு மேசை அது என்று அக்கா கேட்டார். அவளை அடித்தே சானியைப் பொறியில் சிக்கவைத்துக் கொன்றார்கள் என்று நினைத்தால் இன்னும் கனக்கிறது. பெண்களும் குழந்தைகளும் அஜாக்கிரதையாக இருக்கலாம், ஆண்கள் இருக்கக் கூடாது என்று விட்டோ மைக்கேலிடம் சொல்வது பாசமான பேச்சுபோல ஒலிக்கிறது. அந்த வீட்டில் பெண்களிடம் எதுவும் சொல்லப்படுவதில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது. கடைசியில் மைக்கேலின் மனைவி கே முகத்தின்மேல் கதவு சாத்தப்படுகிறது.

கேள்வி: மைக்கேல் தன் இடத்துக்கு வரவேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டாரா?

இல்லை என்று நம்புகிறேன். கல்யாணத்தில் மைக்கேல் வராமல் போட்டோ எடுக்கக் கூடாது என்றவர், சொலாஸோவைக் கொன்றது மைக்கேல் என்று கேட்டதும் கையசைத்து எல்லோரையும் வெளியே போகச் சொல்கிறார். தோட்டத்தில், பெரிய மனிதர்கள் ஆட்டும் கயிற்றில் ஆடும் பொம்மையாக இருக்க நான் மறுத்தேன், அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன், ஆனால் உன் முறை வரும்போது கயிறு உன் கையில் இருக்கும் என்று நினைத்தேன், செனட்டர் கார்லியோன், கவர்னர் கார்லியோன் என்று இழுக்கிறார். நேரம் போதவில்லை என்கிறார். ஊருக்கெல்லாம் கடன் கொடுத்தவர், மகனுக்குக் கொடுக்க நினைத்ததைக் கொடுக்க முடியாமல் போகிறார்.

தலைப்பும் இங்கேதான் கடிக்கிறது. காட்ஃபாதர் என்றால் ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தந்தை. மைக்கேல் கானியின் குழந்தைக்கு ஞானத்தந்தையாகத் தேவாலயத்தில் நின்று சாத்தானை விலக்குவதாகச் சொல்லும் நேரத்தில் வெளியே கொலைகள் நடக்கின்றன. அதே நாளில் அந்தக் குழந்தையின் அப்பனையும் கொல்லவைக்கிறான்.

கேள்வி: பூனையும் ஆரஞ்சும் எதற்கு அடையாளம்?

பூனை திரைக்கதையில் இல்லை. படப்பிடிப்பு இடத்தில் சுற்றிய பூனையைக் கொப்போலா பிராண்டோ கையில் கொடுத்தார். கொலைக்கு ஆள் கேட்கும்போது மடியில் ஒரு உயிரைத் தடவிக்கொண்டிருக்கும் கை, அது போதும். ஆரஞ்சு வந்தால் சாவு வரும் என்று நிறைய பேசுகிறார்கள். அவ்வளவு இருட்டான படத்தில் கண்ணைப் பிடிக்கும் நிறம் அது. அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: ‘நாயகன்’ வேலு நாயக்கரும் இவரும் ஒன்றா?

மணிரத்னத்தின் 1987 படத்தில் பேரன் “நீங்க நல்லவரா, கெட்டவரா?” என்று கேட்க, வேலு நாயக்கர் தெரியவில்லை என்கிறார். அந்தக் கேள்வி அவரைக் குடைந்துகொண்டே இருக்கிறது. விட்டோவை யாரும் அப்படிக் கேட்பதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. பேரனோடு தக்காளிச் செடிகளுக்கு நடுவே விளையாடியபடி விழுந்து இறக்கிறார். அவ்வளவு நிம்மதியான சாவு அவருக்கு ஏன் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றும் கோபம் உண்டு.

கேள்வி: ஒரே ஒரு காட்சியை மறுபடி பார்க்கச் சொன்னால் எது?

மருத்துவமனைக் காட்சி. ஐந்து குண்டு பட்டு விட்டோ படுத்திருக்கிறார். காவலுக்கு இருந்தவர்களை விரட்டிவிட்டார்கள். மைக்கேல் ஒரு நர்ஸை வைத்துக்கொண்டு கட்டிலை வேறு அறைக்குத் தள்ளுகிறான். மாடிப்படியில் காலடிச் சத்தம். வருவது என்சோ. ரொட்டிக்கடையில் வேலை செய்யும் பையன், அவன் அமெரிக்காவிலேயே தங்குவதற்குக் கல்யாணத்தன்று கடைக்காரர் விட்டோவிடம் உதவி கேட்டிருந்தார். கையில் பூங்கொத்தோடு நிற்கிறான். இங்கே கலவரம் வரப்போகிறது, போய்விடு என்கிறான் மைக்கேல். கலவரம் என்றால் நான் இருக்கிறேன், உங்கள் அப்பாவுக்காக என்கிறான் அவன்.

விட்டோ அவனைக் கூப்பிடவில்லை. அந்த நேரத்தில் அவரால் கூப்பிடவும் முடியாது. வேலூரில் ஆஸ்பத்திரி வாசலில் உறவுக்காரருக்காக இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறோம். அவனை நமக்குத் தெரியும். இருவரும் வாசல்படியில் நின்று, கோட்டுக்குள் துப்பாக்கி இருப்பதுபோலக் கையை வைத்துக்கொள்கிறார்கள். கார் மெதுவாக வந்து, பார்த்து, போய்விடுகிறது. என்சோ சிகரெட் பற்றவைக்கப் பார்க்கிறான். கை நடுங்கி நெருப்பு வரவில்லை. மைக்கேல் லைட்டரை வாங்கிப் பற்றவைக்கிறான். பிறகு தன் கையைப் பார்க்கிறான், அது நடுங்கவே இல்லை.